ஊரறிய எழுதிய வீட்டுக் கணக்கு - அழிய விடலாமா?

கடன் இருப்பதை யாரும் வெளியே சொல்வதில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். பல இடங்களில் இதுதான் வழக்கம்.

ஆனால் அமெரிக்காவில் சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புதுமை நடந்தது. சாதாரணக் குடும்பத்தினர் பலர் தங்கள் கடனை ஊரறியச் சொன்னார்கள். "இந்த மாதம் வரவு இவ்வளவு. செலவு இவ்வளவு. கடன் பாக்கி இவ்வளவு" என்று கணக்குப் போட்டு, இணையத்தில் எழுதினார்கள். அதைப் படித்தவர்கள் யோசனை சொன்னார்கள். பிறகு அவர்களும் தங்கள் கணக்கை எழுதினார்கள்.

அந்த எழுத்துகள் இப்போது ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. அவற்றைக் காப்பாற்றுவது எப்படி? யார் காப்பாற்றுவது?

"கஞ்சன் கெசட்"

இந்தப் பழக்கம் இணையத்துக்கு முன்பே காகிதத்தில் தொடங்கியது.

மெயின் என்பது அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் உள்ள மாநிலம். அங்கே லீட்ஸ் என்ற சிற்றூரில் ஏமி டெசிஷன் என்ற பெண்மணி வசித்தார். கணவர் கடற்படையில் வேலை பார்த்தவர். பிள்ளைகள் 6 பேர்.

ஆண்டுக்கு 30 ஆயிரம் டாலருக்கும் குறைந்த வருமானத்தில், 7 ஆண்டுகளுக்குள் 49 ஆயிரம் டாலர் சேர்த்தது அந்தக் குடும்பம். அது எப்படி என்று சொல்வதற்காக 1990-ல் அவர் ஒரு மாத இதழ் தொடங்கினார். பெயர் "டைட்வாட் கெசட்". நம் பேச்சில் சொன்னால் "கஞ்சன் கெசட்"!

பழைய பொருளை மறுபடி பயன்படுத்துவது, மலிவாகச் சமைப்பது என்று வாசகர்களும் யோசனைகளை எழுதி அனுப்பினார்கள். 1996-ல் இதழ் நின்றது. ஆனால் அதில் வந்தவை புத்தகங்களாக வெளியாகிவிட்டன. இன்றும் கிடைக்கின்றன. காகிதத்தில் அச்சானதால் அவை பிழைத்தன.

செலவில்லாத அச்சகம்

1999-ல் "பிளாகர்" என்ற இணையச் சேவை வந்தது. யார் வேண்டுமானாலும் தாம் எழுதியதை உலகம் முழுவதும் படிக்கும்படி வெளியிடலாம். அச்சுக்கூலி இல்லை. தபால் செலவும் இல்லை. இப்படி எழுதுவதற்குத்தான் வலைப்பதிவு என்று பெயர்.

ஓரிகான் மாநிலத்தைச் சேர்ந்த ஜே.டி. ராத் என்பவருக்கு 35 ஆயிரம் டாலருக்கு மேல் கடன் இருந்தது. 2004-ல் அவர் விழித்துக் கொண்டார். கடனை அடைக்கும் வழிகளைத் தேடிப் படித்தார். 2006 ஏப்ரலில், தாம் கற்றதை எழுதுவதற்காக "கெட் ரிச் ஸ்லோலி" என்ற வலைப்பதிவைத் தொடங்கினார். "மெதுவாகப் பணக்காரர் ஆகுங்கள்" என்பது அதன் பொருள்.

2007 டிசம்பரில் அவர் கடன் முழுவதும் அடைந்தது. கடன்காரராக இருந்து எழுதத் தொடங்கியவர் கடன் தீர்ந்தவரானதை வாசகர்கள் கூடவே இருந்து பார்த்தார்கள்.

அவரைப் போல இன்னும் பலர் எழுதினார்கள். சிலர் சொந்தப் பெயரில் எழுதினார்கள். பலர் புனைபெயர் வைத்துக் கொண்டார்கள். முதலாளிக்கும் உறவினருக்கும் தெரியக் கூடாது அல்லவா? பெயரை மறைத்ததால் தொகையை மறைக்காமல் எழுத முடிந்தது.

புள்ளிவிவரம் சொல்லாதது

2008 செப்டம்பர் 15-ந் தேதி "லேமன் பிரதர்ஸ்" என்ற பெரிய நிதி நிறுவனம் திவாலானது. அமெரிக்கா முழுவதும் தொழில் முடங்கியது. 2009 அக்டோபரில், வேலை தேடுவோரையும் சேர்த்து உழைப்பாளர் 100 பேரில் 10 பேருக்கு வேலை இல்லை.

இந்தக் கணக்கு அரசாங்கத்திடம் இருக்கிறது. அது ஒருநாளும் அழியாது.

ஆனால் வேலை போன வீட்டில் முதலில் எந்தச் செலவை நிறுத்தினார்கள்? வீட்டுக் கடன் தவணையா, மருந்துச் செலவா என்று வந்தபோது எதைத் தேர்ந்தெடுத்தார்கள்? கணவன் மனைவிக்குள் என்ன பேச்சு நடந்தது? இதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. அன்றன்று எழுதி வைத்த வீட்டுக் கணக்குதான் சொல்லும்.

பின்னாளில் நினைவிலிருந்து எழுதுகிறவர்கள் தங்கள் தவறுகளைக் குறைத்துச் சொல்லலாம். அன்றைய பதிவில் தவறும் தேதியோடு இருக்கும்.

விளம்பரம் வந்தது

வாசகர் கூட்டம் பெருகியதும் விளம்பரக்காரர்கள் வந்தார்கள். கடன் அட்டையைச் சிபாரிசு செய்தால் கமிஷன் கிடைத்தது. கடனைக் கண்டு பயந்து எழுத வந்தவர்களின் பக்கத்திலேயே கடன் அட்டை விளம்பரம்!

காசு வாங்கிக் கொண்டு ஒரு பொருளைப் புகழ்ந்தால் அதை வாசகருக்குச் சொல்லியாக வேண்டும் என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2009 அக்டோபரில் அறிவித்தது. அந்த விதிமுறை டிசம்பர் 1-ந் தேதி அமலுக்கு வந்தது.

வலைப்பதிவுகளும் விற்பனைப் பொருளாயின. ராத் தம் பதிவை 2009-ல் விற்றார். 2017-ல் தாமே திரும்ப வாங்கினார். எல்லாருக்கும் அப்படித் திரும்ப வாங்க வாய்க்காது. விற்ற பிறகு பழைய பக்கங்களை வைத்திருப்பதும், திருத்துவதும், நீக்குவதும் வாங்கியவர் விருப்பம்.

எப்படி அழிகிறது?

இணையத்தில் ஏறியது என்றும் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

இணைய முகவரி வாடகை வீடு போன்றது. குறித்த காலத்தில் கட்டணம் கட்ட வேண்டும். எழுதியவர் மறந்தாலோ, இறந்தாலோ, முகவரி வேறொருவர் கைக்குப் போய்விடும்.

சில சமயம் தெருவே போய்விடும். "ஜியோசிட்டிஸ்" என்ற சேவையில் லட்சக்கணக்கானோர் பக்கங்கள் வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் "யாஹூ" நிறுவனம் அமெரிக்காவில் அதை மூடிவிட்டது. ஆர்வலர்கள் இரவு பகலாக நகல் எடுத்ததால் ஒரு பகுதி தப்பியது.

2013-ல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 100-க்கு 38, பத்தாண்டு கழித்து 2023-ல் கிடைக்கவில்லை. "பியூ" ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட கணக்கு இது.

காப்பவர்கள் யார்?

சான்பிரான்சிஸ்கோவில் "இன்டர்நெட் ஆர்கைவ்" என்ற நிறுவனம் இருக்கிறது. இது லாப நோக்கம் இல்லாத இணைய நூலகம். புரூஸ்டர் கேல் என்பவர் 1996-ல் தொடங்கினார். இணையப் பக்கங்களைத் தேதிவாரியாக நகல் எடுத்து வைக்கிறார்கள். 2001 முதல் பொதுமக்கள் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் 2000 முதல் இணையப் பக்கங்களைச் சேர்த்து வருகிறது.

ஆனால் எல்லாப் பக்கத்தையும் இவர்களால் பிடிக்க முடியாது. எழுத்து கிடைக்கும், படம் கிடைக்காது. கட்டுரை இருக்கும், அதன் கீழே வாசகர் எழுதிய யோசனை இராது. 2024 அக்டோபரில் இணையத் திருடர்கள் தாக்கியதால் இந்த நூலகமே சில நாள் முடங்கிக் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைப்பது ஆபத்து என்பது அப்போது தெரிந்தது.

வேண்டாம் என்றால்?

இன்னொரு கேள்வியும் உண்டு. கஷ்ட காலத்தில் எழுதியதை இப்போது மறக்க விரும்புகிறவர்கள் இருப்பார்கள். அதில் பிள்ளைகள் பெயர் இருக்கலாம். விவாகரத்து விவரம் இருக்கலாம். "என் கடனை ஏன் காட்சிக்கு வைக்கிறீர்கள்?" என்று அவர்கள் கேட்டால் அது நியாயம்தான்.

இதற்கு வழி இருக்கிறது. பிரமுகர்களின் சொந்தக் கடிதங்களை ஆவணக் காப்பகங்கள் பல ஆண்டுகள் பூட்டி வைத்துப் பிறகு திறப்பது உண்டு. அதேபோல இவற்றையும் வைக்கலாம். எழுதியவரைக் கண்டுபிடித்து அனுமதி கேட்கலாம். பெயரை நீக்கிவிட்டுக் கணக்கை மட்டும் காக்கலாம்.

இந்த வேலையை இப்போதே செய்ய வேண்டும். எழுதியவர்களில் பலர் இன்று உயிரோடு இருக்கிறார்கள். கேட்டால் பதில் சொல்வார்கள். அவர்களே ஒரு நகல் எடுத்து நூலகத்துக்குக் கொடுக்கலாம். முக்கியமானதைக் காகிதத்தில் அச்சிட்டும் வைக்கலாம். "கஞ்சன் கெசட்" பிழைத்தது அப்படித்தானே!

கடன் கொடுத்தவர்களின் பேரேடு பத்திரமாக இருக்கும். அதைக் காக்க வங்கியும் வக்கீலும் உண்டு. கடன் வாங்கி, பட்டினி கிடந்து, வட்டியோடு அடைத்தவர்களின் கணக்கும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் நாளைய பிள்ளைகள் இரண்டையும் வைத்துப் பார்த்து, நடந்தது என்ன என்று தெரிந்து கொள்வார்கள்.