பொருளுக்கும் ஒரு ஜாதகம் வேண்டும்

சில மாதங்களுக்கு முன்பு நாம் தணிக்கைக்குச் சென்றிருந்த ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பண்டகசாலையில், கட்டுப் பிரிக்கப்படாத படுக்கை விரிப்புகள் சுவரோரமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கக் கண்டோம். இருப்புப் பேரேட்டில் அவை சரியாகவே இருந்தன. எண்ணிக்கையும் சரி, மதிப்பும் சரி. ஆனால் அவை விற்பனைக்குப் போய்த் திரும்பி வந்தவை. முன் ஆண்டில் சரக்கெடுத்த அதே வியாபாரி, அதே மாதிரியை அதே நிறத்தில் மறுபடியும் கேட்டிருக்கிறார். அனுப்பியதில் நீலம் ஒரு சாயல் மாறிவிட்டது. பழைய சாய மேஸ்திரி காலமாகி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. எந்தச் சாயத்தில் எத்தனை பங்கு, காஸ்டிக் சோடா எவ்வளவு, எந்தச் சூட்டில் எத்தனை நிமிஷம் என்பதற்குச் சங்கத்தில் ஒரு வரிக் குறிப்பும் இல்லை.

"அதெல்லாம் மேஸ்திரி அண்ணன் கையிலேயே இருந்துதுங்க, சார்" என்றார் குமாஸ்தா.

நெய்தவர்களுக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது. ஆகவே நஷ்டம் சங்கத்தின் தலையில் விழுந்தது. அதாவது பங்குதாரர்களாகிய அதே நெசவாளர்களின் தலையிலேயே விழுந்தது. இதில் நமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தணிக்கைக்குச் செல்லும் நாம் நூல் இருப்பைக் கேட்கிறோம், கூலிப் பட்டியலைக் கேட்கிறோம், ரொக்கத்தை எண்ணுகிறோம். இந்தத் துணி எவ்வாறு உண்டாயிற்று, இதே துணியை நாளை மீண்டும் உண்டாக்க இயலுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பெரிய தொழிற்சாலைகள் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்கென அவர்கள் கையாளும் கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்குப் 'ப்ராடக்ட் லைஃப்சைக்கிள் மேனேஜ்மெண்ட்' என்று பெயர், சுருக்கமாகப் பி.எல்.எம். என்பர். பொருள் வாழ்நாள் நிர்வாகம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். டீம்சென்டர், விண்ட்சில், எனோவியா என்ற பெயர்களில் இம்மென்பொருள்கள் விற்கப்படுகின்றன. பெயர்கள் நமக்கு முக்கியமல்ல. வேலை இன்னதென்று தெரிந்தால் போதும்.

நம் தோட்டத்துக் கிணற்றில் இறங்கியிருக்கும் நீர்மூழ்கிப் பம்பையே எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்று, அதன் சுழல்சக்கரத்தின் இறக்கை வளைவைச் சிறிது மாற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் கடுகளவு. ஆனால் அதன் விளைவாக வார்ப்படப் பட்டறையின் மரப் படிவம் மாறவேண்டும். கடைசல் பட்டறையின் அளவு மாறவேண்டும். மோட்டாரின் பளு மாறுகிறது. பெட்டியில் ஒட்டும் விவரச் சீட்டு மாறவேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குப்பின் பழுது பார்க்க வருகிற மெக்கானிக், பழைய சக்கரமா புதிய சக்கரமா எதைக் கொண்டுவருவது என்று அறியவேண்டும். இவர்களில் ஒருவருக்குச் செய்தி எட்டாமற் போனாலும் தண்ணீர் ஏறாமல் தவிப்பவர் குடியானவர்தாம். மேற்படி மென்பொருள் செய்வது இதுவே: ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் எண், அந்த எண்ணின் கீழ் அதன் வரைபடம், உலோகக் கலவை, சோதனை முடிவு, யாரிடம் வாங்குவது என்ற விவரம். ஒரு மாற்றம் வேண்டுமென்றால் யார் கேட்டார், யார் ஒப்புக்கொண்டார், எந்தத் தேதி முதல் அமல் என்பது பதிவாகும். புதிய வரைபடம் வெளிவந்ததும் பழையது வேலைக்களத்திலிருந்து விலக்கப்படும். ஆனால் அழிக்கப்படாது, ஏனெனில் பழைய பம்பு இன்னும் கிணற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது கணக்கெழுதும் மென்பொருளினின்றும் வேறானது. அது எத்தனை செய்தோம், எவ்வளவு வந்தது என்று கூறும். இதுவோ, செய்தது என்ன, எப்படி, ஏன் அப்படி என்று கூறும். குழந்தைக்கு ஜாதகம் கணித்து, தடுப்பூசிச் சீட்டும் பள்ளிச் சான்றும் அதனோடு சேர்த்து வைப்பதுபோல் என்று கொள்ளலாம்.

1985-ஆம் ஆண்டு அமெரிக்கன் மோட்டார்ஸ் என்ற கார்க் கம்பெனி, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய போட்டியாளர்களுக்கு ஈடுகொடுக்க வழிதேடியபோதுதான் இம்முறைக்கு ஒரு தொடக்கம் ஏற்பட்டதாகச் சொல்லப்படுகிறது. சிறியவன் கையில் பிறந்த ஆயுதம் என்பது நமக்கு உகந்த செய்தி. 1994-இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 777 விமானம் முழுவதும் கம்ப்யூட்டரிலேயே வரையப்பட்டது.

ஆனால் கருவி வாங்கியதாலேயே காரியம் முடிந்துவிடாது. ஏர்பஸ் 380 என்ற இரண்டடுக்கு விமானத்தின் கதை இதற்குச் சாட்சி. ஒரு விமானத்துக்குள் சுமார் 530 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கம்பி ஓடுகிறது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தார் ஒரு மென்பொருளின் பழைய பதிப்பிலும், பிரான்ஸில் டூலூஸ் நகரத்தார் அதன் புதிய பதிப்பிலும் வரைந்துகொண்டிருந்தனர். ஹாம்பர்க்கிலிருந்து வந்த கம்பிக் கட்டுகளை டூலூஸில் பொருத்தப் பார்த்தபோது, பல இடங்களில் சில சென்டிமீட்டர் எட்டவில்லை. 2006-இல் அந்தத் தாமதம் வெளியானதும் கம்பெனியின் பங்குவிலை சரிந்தது. தலைவர்கள் பதவி விலகினர். முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் ஒப்படைக்கப்பட்டது. இரு ஊராரும் கெட்டிக்காரர்களே. ஒரே பேரேட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான். பாவு ஒரு சங்கத்திலும் ஊடை வேறொரு சங்கத்திலும் தயாராகும் நம் ஊர்களில் இதை விளங்கிக்கொள்வது கடினமன்று.

இங்கே நம் அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும்: விமானத்துக்கும் பவானி ஜமக்காளத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் நொய்யல் ஆற்றிலேயே ஓடுகிறது. துணி சாயத் தொட்டியை விட்டு வெளியேறியதும் நம் பொறுப்பு தீர்ந்தது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தோம். கழிவுநீர் ஆற்றில் இறங்கிற்று. பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கிற்று. கீழே கிணறுகள் உப்பேறின, தென்னையும் பயிரும் வாடின. விவசாயிகள் நியாயஸ்தலம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் விதிகளை நிறைவேற்றாத திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. ஒரு பனியனின் வாழ்நாள் அது விற்பனையாகும் கடையோடு முடிவதில்லை, வெள்ளக்கோயிலிலும் காங்கயத்திலும் உள்ள தோட்டக்காரரின் கிணறு வரை நீள்கிறது என்பதை எந்த மென்பொருளும் நமக்குக் கற்பிக்கவில்லை. பக்கத்து வயற்காரர் கற்பித்தார். நெசவாளரும் விவசாயியும் ஒரே பத்திரிகையைப் படிக்கும் நம்மிடையே இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

இப்பொழுது அயல்நாட்டுச் சந்தையும் அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலையில் ஒரு சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. அதன்படி, குறிப்பிட்ட வகைப் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'டிஜிட்டல் பாஸ்போர்ட்' இருத்தல் வேண்டும். துணியில் உள்ள குறியீட்டைக் கைப்பேசியில் பிடித்தால், அது எந்த இழையால் ஆனது என்பது போன்ற விவரங்கள் தெரியவேண்டும். 2025 ஏப்ரலில் வெளியிட்ட செயல்திட்டத்தில் ஆடைகளுக்கும் முன்னிடம் அளித்திருக்கிறார்கள். அவற்றுக்குரிய விரிவான விதிகள் தனியே வகுக்கப்படவேண்டியவை, அவகாசம் இருக்கிறது. ஆனால் ஜாதகம் இல்லாத சரக்கைத் துறைமுகத்தில் வைத்துக்கொண்டு ஜாதகம் எழுத முடியாது. எழுதவேண்டிய இடம் பாவு ஓடும் தெரு.

பருத்தி பயிரிடுவோர்க்கும் இது புதிதன்று. கோவையில் உருவாகி 1970-களில் வெளிவந்த சுவின் பருத்தி, மிக நீண்ட இழைக்குப் பேர்போனது. அரவை ஆலையில் மற்றப் பருத்தியோடு கலந்துவிட்டால் அதன் பெயரும் போயிற்று, விலையும் போயிற்று. 2020 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த 'கஸ்தூரி' என்னும் இந்தியப் பருத்தி முத்திரைத் திட்டத்தில் ஒவ்வொரு பேலுக்கும் குறியீடு இட்டுத் தொடர்ந்து செல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பெயரைக் காப்பாற்றிக்கொண்டால்தான் விலை கிடைக்கும் என்பதே கருத்து. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது; கோவை கோரா காட்டன் புடவையும் பெற்றது. எனினும் விசைத்தறிப் போலி அதே பெயரில் பக்கத்துக் கடையில் தொங்குகிறது. இது இன்ன சங்கத்தில், இன்ன பாவில், கைத்தறியில் நெய்யப்பட்டது என்று காட்ட நம் கையில் ஒரு பதிவு இருந்தால், வாங்குபவரிடம் வாதாட வேண்டியதில்லை.

ஆயினும் ஒவ்வொரு சங்கமும் ஓடிப்போய்ப் பி.எல்.எம். மென்பொருள் வாங்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயமன்று. நூறு தறி உள்ள சங்கம் அதை வாங்கினால், மென்பொருளுக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்துவதே அதன் பிரதானத் தொழிலாகிவிடும். ஏற்கெனவே சில இடங்களில் கம்ப்யூட்டர்கள் உறையைக் கழற்றாமல் தூங்குகின்றன. ஆயுத பூஜையன்று பொட்டிடுவதற்கு மட்டும் எழுப்பப்படுகின்றன.

முதலில் வேண்டுவது ஒரு நோட்டுப் புத்தகம். மாதிரிக்கு ஓர் எண். அதன் கீழ் பாவு நூல், ஊடை நூல், அச்சின் அளவு, அங்குலத்துக்கு எத்தனை ஊடை, டாபி அல்லது ஜக்கார்டு அட்டையின் எண், சாயக் கணக்கு, துணியில் கத்தரித்த ஒரு விரற்கடைத் துண்டு. மாற்றம் செய்தால் பழைய பக்கத்தை அடிக்காமல் புதிய பக்கம். மாற்றியவர் கையொப்பம், தேதி. திரும்பி வந்த சரக்கின் குறையும் அதே எண்ணின் கீழ். இப்பழக்கம் ஓர் ஆண்டு நின்று நிலைத்த சங்கங்கள் பல சேர்ந்து, ஒரு பொது மென்பொருளைக் கூட்டாக அமர்த்திக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும் திறந்தமூல மென்பொருள்களும் உள்ளன. நூலைச் சேர்ந்து வாங்கியவர்களுக்கு இது பெரிய வித்தையன்று.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கலாகாது. பதிவு யாருக்குச் சொந்தம்? மென்பொருளை விற்றவருக்கா, சரக்கெடுக்கும் வியாபாரிக்கா, சங்கத்துக்கா? வியாபாரி தன் செலவிலேயே எல்லாவற்றையும் பதிந்து தருகிறேன் என்று முன்வந்தால் நிர்வாகக் குழு மகிழ்ந்து கையொப்பமிட்டுவிடக்கூடும். அன்றே நம் அச்சும் அட்டையும் சாயக் கணக்கும் அவர் பெட்டிக்குள் போய்விடும்; மறு ஆண்டு அதே மாதிரி வேறோர் ஊர் விசைத்தறியில் ஓடும். எனவே ஒப்பந்தத்தில், பதிவு சங்கத்துக்கே உரியது என்பதும், விலகும்போது முழுவதையும் எடுத்துச்செல்லலாம் என்பதும், மாதிரியை உண்டாக்கிய நெசவாளரின் பெயர் அதில் நிற்கும் என்பதும் எழுதப்பட்டே ஆகவேண்டும். சாய மேஸ்திரிகள் தம் கணக்கைச் சொல்லத் தயங்குவதற்கும் காரணம் உண்டு. சொல்லிவிட்டால் தம்மை வைத்திருப்பார்களா என்ற பயம். எழுதிக்கொடுக்கும் கணக்குக்குத் தனியே ஊக்கத்தொகை வைத்தால் அந்தப் பயம் குறையும். அதற்கு ஆகும் பணம், பண்டகசாலைச் சுவரோரம் நாம் கண்ட கட்டுகளின் விலையில் ஒரு சிறு பங்குகூட இராது.

அந்தச் சங்கத்தில் பிற்பாடு ஒரு காரியம் நடந்தது. இறந்துபோன மேஸ்திரியின் மகன், வீட்டுப் பரணிலிருந்து இரண்டு பழைய டைரிகளை எடுத்துக்கொண்டு வந்தார். குமாஸ்தாவும் அவரும் உட்கார்ந்து பெயர்த்து எழுதியதில் பதினான்கு சாயக் கணக்குகள் தேறின. நீலம் அவற்றில் இருக்கிறது. மற்றப் பக்கங்களில் மேஸ்திரி தமக்கு மட்டும் தெரிந்த புள்ளிகளும் கோடுகளுமாகக் குறித்து வைத்திருக்கிறார். அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் இன்னும் கிடைக்கவில்லை.