இல்லத் தோட்டம்: அரளிக்கு உரிய இடம்

சித்திரை பிறந்து கிணற்று நீர் அடிமட்டத்திற்கு இறங்கியதும், நம் இல்லத் தோட்டங்களில் முதலில் வாடுபவை பூச்செடிகளே. குடிப்பதற்கே குடம் எண்ணி நீர் பிடிக்கும் வீட்டில், மலருக்கென நீர் ஊற்ற மனம் வருமா? அத்தகைய இல்லங்களுக்கு நெடுங்காலமாகத் துணைநிற்கும் செடி அரளி. ‘அலரி’ என்பது அதன் பழம்பெயர்.

அரளி வறட்சியைத் தாங்கும் காரணம் அதன் இலையிலேயே அமைந்துள்ளது. தோல்போல் தடித்த அவ்விலையின் அடிப்புறத்தில் நுண்ணிய குழிகள் உண்டு. செடி மூச்சுவிடும் துளைகள் மெல்லிய மயிர்கள் நிறைந்த அக்குழிகளுக்குள் மறைந்திருப்பதால், ஈரம் எளிதில் வெளியேறுவதில்லை. ஆகவேதான் நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளில், வண்டிப் புகைக்கும் கொதிக்கும் வெயிலுக்கும் இடையே, அது பசுமை மாறாது நிற்கிறது. 1945-இல் அணுகுண்டால் அழிந்த ஹிரோஷிமா நகரத்தார், அழிவிற்குப்பின் மீண்டும் பூத்த அரளியையே தங்கள் நகரின் மலராகக் கொண்டுள்ளனர்.

வளர்ப்பது எளிது. மழைக்காலத் தொடக்கத்தில், பென்சில் பருமனுள்ள முதிர்ந்த கிளையை 20 முதல் 25 செ.மீ. நீளத்திற்கு வெட்டி, அடி இலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் ஊன்றுக. வேர்விட்டபின், வெயில் நன்கு படும் இடத்தில், ஒன்றரை அடிக் குழியில் தொழு உரமிட்டு, 6 அடி இடைவெளியில் நடவேண்டும். முதலாண்டில் வாரம் இருமுறை நீர் போதும். வேர் ஆழச் சென்றபின் கோடையிலும் பத்து நாட்களுக்கு ஒருமுறை வார்த்தால் தாங்கும். நீர் தேங்கினால் வேர் அழுகும். புதுக் கிளைகளின் நுனியிலேயே மலர்வதால், ஆண்டுக்கு ஒருமுறை கவாத்துச் செய்தல் நலம்.

இனி, நாம் பெற்றோர்க்கு வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு. அரளியின் வேர், பட்டை, இலை, மலர், விதை, பால் அனைத்தும் நஞ்சு. இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. மஞ்சள் அரளியும் அவ்வாறே. அதன் காயோ, சிறுவர் கண்ணுக்கு விளையாட்டுப் பொருளாகவே தோன்றும். இலை காய்ந்தாலும் நஞ்சு நீங்காது. எனவே வெட்டிய கிளைகளை ஆடுமாடுகளின் தீவனத்தருகே போடலாகாது. விறகாகவும் எரிக்கலாகாது, புகையும் தீங்கு தரும். கவாத்து முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். குழந்தை வாயிலிட்டதோ என ஐயம் எழுந்தாலே, கைவைத்தியத்தில் காலம் போக்காது, செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். பிள்ளை நலமாகத் தோன்றுகிறதே என்று காத்திருத்தல் கூடாது.

ஆகையால் தவழும் குழந்தை உள்ள வீட்டு முற்றத்திலும், பாலர் பள்ளி வளாகத்திலும் அரளி வேண்டா. அங்கே செம்பருத்தி வளர்ப்போம். அதற்கென நாளும் ஒரு குடம் நீர் கூடுதலாகச் செலவாகலாம். அரிசி களைந்த நீரும் பாத்திரம் அலசிய நீரும் அக்குறையைப் பெரிதும் தீர்க்கும். பிள்ளைகள் அணுகாத வேலியோரத்திற்கு அரளி, அவர்கள் விளையாடும் முற்றத்திற்குச் செம்பருத்தி என வகுத்துக்கொண்டால், நம் தோட்டத்தில் அழகும் இருக்கும், அச்சமும் இராது.