அவநம்பிக்கையை விதைத்தவர்கள் யார்?

புது தில்லி: மரபணு மாற்றப் பயிர்கள் குறித்த விவாதம் எழும்போதெல்லாம், அறிவியலை அறியாத மக்களின் அச்சமே முட்டுக்கட்டை என விஞ்ஞானிகளில் ஒரு சாரார் குறைகூறுவது வழக்கம். பி.டி. கத்தரிக்காய் விவகாரத்தைத் திரும்பிப் பார்த்தால், அவநம்பிக்கையின் வேர் வேறிடத்தில் இருப்பது புலனாகும்.

மஹிகோ நிறுவனம் உருவாக்கிய இக் கத்தரிக்காய்க்கு, மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபர் 14-ம் தேதி அனுமதி அளித்தது. ஆனால், அதன் பாதுகாப்புக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை அந்த நிறுவனமே நடத்தியவை அல்லது அதன் ஏற்பாட்டில் நடந்தவை. அவற்றின் விவரங்கள்கூட, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் துணையோடு நீண்டகாலம் போராடிய பிறகே வெளிவந்தன.

அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 7 நகரங்களில் மக்களின் கருத்தைக் கேட்டார். 2010 பிப்ரவரி 9-ம் தேதி இப் பயிருக்குத் தடை விதித்தார். விஞ்ஞானிகளிடையே கருத்தொற்றுமை இல்லை, சுயேச்சையான ஒழுங்காற்று அமைப்பு இல்லை, மாநிலங்கள் எதிர்க்கின்றன என்பவை அவர் கூறிய காரணங்களுள் முக்கியமானவை.

அடுத்து நடந்ததுதான் பெரும் சோகம். நாட்டின் 6 அறிவியல் கழகங்கள் இணைந்து, பி.டி. கத்தரிக்காயை ஆதரித்து 2010 செப்டம்பரில் அறிக்கை அளித்தன. அதன் சில பகுதிகள், இத் தொழில்நுட்பத்தை ஆதரிக்கும் விஞ்ஞானி ஒருவரின் கட்டுரையிலிருந்து ஏறத்தாழ வரி மாறாமல் எடுக்கப்பட்டவை என்பது அம்பலமானது. திருத்திய அறிக்கை டிசம்பரில் வெளியானது; இழந்த நன்மதிப்பு திரும்பவில்லை.

எதிர்ப்பாளர்களிடமும் மிகைப்படுத்தல் இல்லாமல் இல்லை. வங்கதேச விவசாயிகள் 2014 முதல் இதே கத்தரிக்காயைப் பயிரிட்டு வருகின்றனர். இந்தியாவிலும் 2002-ல் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தி, பருத்தி சாகுபடிப் பரப்பில் மிகப் பெரும்பகுதிக்குப் பரவியது. எனவே, நம் விவசாயிகள் அறிவியலுக்குப் பகைவர்கள் என்ற வாதம் எடுபடாது. அவர்களும் நுகர்வோரும் சந்தேகிப்பது, விண்ணப்பதாரரின் சான்றையே நம்பித் தீர்ப்பு வழங்கும் நடைமுறையைத்தான்.

மரபணு மாற்றக் கடுகிலும் இதே கேள்விதான் எழுந்தது. 2022-ல் அதற்கு அளிக்கப்பட்ட அனுமதி குறித்து, உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2024 ஜூலை 23-ம் தேதி மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். எனினும், அனைத்துத் தரப்பினரையும் கலந்தாலோசித்து தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் உடன்பட்டனர்.

2010-ல் ஒப்புதல் குழு, "மதிப்பீட்டுக் குழு" எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயர் மாறினால் போதாது. ஆய்வு விவரங்களை முன்கூட்டியே வெளியிடுவதும், பயனடையும் நிறுவனத்தைச் சாராதவர்களைக் கொண்டு சோதிப்பதுமே நம்பிக்கையை மீட்கும் வழி. அதைச் செய்யாமல் மக்களின் அறியாமையைப் பழிப்பதில் பயனில்லை.