இரண்டாம் கோல்கீப்பர்

இலக்கிய நண்பர்கள் கூடிய இடத்தில் கால்பந்துப் பேச்சு எழுந்தால், அடுத்த நிமிடமே ஆல்பெர் காம்யுவின் பெயர் வந்துவிடும். அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகச் சங்கத்தின் இளையோர் அணியில் கோல்கீப்பராக நின்றவர் அவர். 1930இல், பதினேழாம் வயதில், காசநோய் அவரை மைதானத்தை விட்டு வெளியேற்றியது. பிறகு அவர் திரும்பவில்லை. எனக்கோ திரும்பி வந்தவர்கள்மீதுதான் ஆர்வம்.

அமெரிக்காவின் நிக்கோல் பார்ன்ஹார்ட்டை எடுத்துக்கொள்ளலாம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் 2004 வரை கோல்கீப்பராக ஆடியவர். பின்னர் அதே அணிக்கு உதவிப் பயிற்சியாளராகத் திரும்பினார். பதவியின் பெயர் ‘தன்னார்வ உதவிப் பயிற்சியாளர்’; அதாவது, ஊதியம் இல்லை. 2008 பெய்ஜிங், 2012 லண்டன் என இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள் அவரிடம் உண்டு. இரண்டிலும் எல்லா ஆட்டங்களுக்கும் ஹோப் சோலோதான் கோலில் நின்றார். பார்ன்ஹார்ட் மாற்று வீராங்கனை.

இந்த விவரத்தைப் பலர் ஒரு குறையாகவே படிப்பார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. முன்கள வீரர் ஒருவர் வெளியே அமர்ந்திருந்தால், கடைசி இருபது நிமிடங்களாவது ஆட வாய்ப்பு வரும். கோல்கீப்பரின் நிலை அதுவன்று. நிற்பவருக்குக் காயம் பட வேண்டும், அல்லது சிவப்பு அட்டை விழ வேண்டும். சக வீரரின் கேடுதான் தன் வாய்ப்பு என்னும் நிலையில், அதை விரும்பாமலும் ஆயத்தமாகவும் இருப்பது எப்படி? எந்தப் பயிற்சி நூலும் இதைக் கற்றுத்தர இயலாது. அங்கே அமர்ந்தவரே அறிவார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதுகலை பயின்ற இரண்டாண்டுகளும் நான் எங்கள் கல்லூரி அணியின் இரண்டாம் கோல்கீப்பர். ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அதில் வருத்தமில்லை, முதலாமவர் என்னைவிட வல்லவர். ஆனால், மாலைப் பயிற்சியில் எனக்கெனப் பத்துப் பந்துகளை அடித்துப் பார்த்தவர் ஒருவருமில்லை. கோலுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிக் கொடுத்தேன். கையுறை கடைசிவரை புதிதாகவே இருந்தது.

பழைய மாணவரையே மீண்டும் அமர்த்தினால் நிறுவனம் தேங்கிவிடும் என்பார்கள். பயின்ற கல்லூரியிலேயே பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் இதை என்னால் எளிதில் மறுக்க முடியாது. ஆசிரியரின் குறிப்பேட்டை மாணவர் வாசிக்க, அதையே அவருடைய மாணவரும் வாசிக்கும் துறைகளை நாம் அறிவோம். கோல்கீப்பருக்கும் இந்த அபாயம் உண்டு. 1992இல் விதி மாறிய பின், தன் அணியினர் வேண்டுமென்றே காலால் தள்ளித்தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்க முடியாது. கையை மட்டும் நம்பி வளர்ந்த ஒரு தலைமுறையே திடீரெனக் காலையும் பழக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன் கற்றதை அப்படியே ஒப்பிக்கும் பயிற்சியாளர் மாணவரைக் கெடுத்துவிடுவார். ஆகவே, திரும்பி வருகிறவர் இடையில் வேறெங்காவது ஆடியிருக்க வேண்டும், தோற்றுமிருக்க வேண்டும். பார்ன்ஹார்ட் அப்படி ஆடியவர்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. ஊதியம் பெறும் பயிற்சியாளர்களின் எண்ணிக்கைக்கு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் வரம்பு இருந்தது. அதற்கு வெளியே நின்றவர்களே ‘தன்னார்வலர்’கள். முதல்நிலைப் பிரிவில் அந்தப் பதவி 2023 ஜூலை 1 முதல் நீக்கப்பட்டது. நல்லது. ஆனால் அத்தனை ஆண்டுகளும், தான் வளர்ந்த இடத்தின்மேல் ஒருவருக்குள்ள பற்றையே காரணமாக வைத்து அவரிடம் இலவசமாக வேலை வாங்க முடிந்தது. ‘நம்ம காலேஜ்தானே’ என்று சொல்லி விடுமுறை நாளில் பழைய மாணவரை வகுப்பெடுக்க அழைத்து, ஒரு சால்வையோடு அனுப்பும் நமக்கு இது புதிதன்று.

சென்ற மாதம் எங்கள் மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கோலுக்குப் பின்னால் ஒரு பையன் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். எந்த வகுப்பு என்று கேட்டேன். இரண்டாமாண்டு வேதியியல் என்றான். பெயரைக் கேட்பதற்குள் அடுத்த பந்து வந்துவிட்டது.