உஹதுக்கு இருபது நிமிடம், ஜின் பள்ளத்தாக்கிற்கு அரைநாள்

 

ஒரகடம் தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்டும் ஓவர்டைமும் பார்த்துச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, வயதான தாய் தந்தையரை உம்ராவுக்கு அனுப்பி வைக்கும் பிள்ளைகள் நம் சேரப்பணஞ்சேரி வட்டாரத்தில் உண்டு. அந்தப் பணம் மதீனாவில் எப்படிச் செலவாகிறது என்பதைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

உம்ராக் குழுக்களின் பயண நிரலில் ஒரு நாள் 'மதீனா ஜியாரத்' என்று குறிக்கப்பட்டிருக்கும். குபா, உஹது, கிப்லதைன், அகழ்ப்போர் நடந்த கந்தக் ஆகிய அனைத்தும் ஒரே பேருந்தில், ஒரே காலைப் பொழுதில். போதாக்குறைக்கு, 'ஜின் பள்ளத்தாக்கு' என்ற ஓர் இடத்தையும் பல ஏஜென்டுகள் கவர்ச்சிப் பொருளாகச் சேர்த்துவிட்டார்கள். நகரிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஒரு சாலை அது. அங்கே வண்டியை நியூட்ரலில் விட்டால் மேட்டை நோக்கித் தானாக ஓடுமாம், ஜின்கள் தள்ளுகின்றனவாம். பேருந்தில் தக்பீர் முழங்குகிறது, செல்பேசிகள் உயர்கின்றன.

ஜின்களை நாம் மறுக்கவில்லை. அவர்கள் பெயரால் ஒரு சூராவே குர்ஆனில் இருக்கிறது. ஆனால் அவர்கள் இந்தச் சாலையில் வண்டி தள்ளுகிறார்கள் என்பதற்கு ஆயத்து உண்டா? ஹதீஸ் உண்டா? ஒன்றுமில்லை. சுற்றியுள்ள மலைகளும் நிலத்தின் சாய்வும் உண்மையான அடிவானத்தை மறைப்பதால், இறக்கம் ஏற்றம் போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். நம் நாட்டிலேயே லடாக்கில், லே நகரை அடுத்து, 'காந்த மலை' என்ற பெயரில் இதே காட்சியைக் காட்டுகிறார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்தும் நம் சகோதரர்கள், கண்ணை நம்பாமல் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார்கள் அல்லவா? தீனுக்கு மட்டும் ரசமட்டம் வேண்டாமா? கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்க, அவர்கள் நகரத்திலேயே, மைக்கைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்கிறார்கள்.

இந்தக் கேளிக்கைக்கான நேரம் எங்கிருந்து திருடப்படுகிறது? உஹதிலிருந்து.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் சுமார் 70 சஹாபாக்கள் ஷஹீதான களம் அது. அங்குள்ள சிறு குன்றில் 50 வில்லாளிகளை நிறுத்தி, வெற்றியோ தோல்வியோ, இடத்தை விட்டு நகரக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். எதிரிகள் ஓடுவதைக் கண்டதும் பெரும்பாலோர் கனீமத்துப் பொருளுக்காக இறங்கினர். அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத காலித் இப்னு வலீத் அந்த இடைவெளியில் குதிரைப்படையோடு புகுந்தார். ஹம்ஸா (ரலி) அவர்கள் ஷஹீதாகிக் கிடந்தது அந்த மண்ணில்தான். முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களின் தலையைப் போர்த்தினால் கால் தெரிந்தது, காலைப் போர்த்தினால் தலை தெரிந்தது. கடைசியில் பாதங்களின் மேல் புல்லைப் போட்டு அடக்கினார்கள். மக்காவின் செல்வ இளைஞராக வளர்ந்தவர் அவர்!

அந்த வில்லாளிகளின் குன்றின் மேல் நின்றுதான் நம்மவர்கள் செல்ஃபி எடுக்கிறார்கள். கீழே பேரீச்சம்பழம் பேரம் பேசி முடிவதற்குள் ஓட்டுநர் ஹாரன் அடித்துவிடுகிறார். மூட்டுவலியோடு மெல்ல நடந்து வந்த தாய்மார்கள் ஷஹீதுகளுக்கு ஸலாம் சொல்லி முடிக்குமுன் திரும்ப வேண்டியதாகிறது.

குபாவிலும் குறை உண்டு. தங்குமிடத்திலேயே உளூ செய்துகொண்டு வந்து அங்கே தொழுபவருக்கு ஓர் உம்ராவின் நன்மை உண்டு என்பது ஹதீஸ். இதை முதல்நாள் இரவே சொல்லியிருக்க வேண்டாமா? பேருந்து பள்ளிவாசலை நெருங்கும்போதுதான் பல குழுக்களில் சொல்லப்படுகிறது.

"ஹஸரத், மக்கள்தான் ஜின் பள்ளத்தாக்கு கேட்கிறார்கள்" என்பார் ஏஜென்ட். கேட்கத்தான் செய்வார்கள், காணொளியில் பார்த்திருக்கிறார்கள். கேட்டதைக் கொடுப்பது வியாபாரம். அப்படியானால் விளம்பரத்தில் 'ஆலிம் வழிகாட்டுதலுடன்' என்று ஏன் அச்சடிக்க வேண்டும்? தபூக் செல்லும் வழியில் ஸமூது கூட்டத்தாரின் பாழடைந்த குடியிருப்புகளைக் கடந்தபோது, அழுதவர்களாகவே அன்றி உள்ளே நுழையாதீர்கள் என்று தம் தோழர்களுக்குக் கட்டளையிட்டு, தலையைப் போர்த்திக்கொண்டு விரைந்து சென்றார்கள் நபி (ஸல்) அவர்கள். வரலாற்று இடத்தை எந்த மனநிலையில் பார்ப்பது என்பதற்கு வேறு வழிகாட்டுதல் நமக்குத் தேவையில்லை.

ஆகவே, பிள்ளைகளே, முன்பணம் கட்டுமுன் ஏஜென்டிடம் கேளுங்கள்: பேருந்தில் பேசப்போவது யார், அவர் எங்கே ஓதியவர்? உஹதில் எவ்வளவு நேரம்? நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி உண்டா? ஜின் பள்ளத்தாக்கு நிரலில் இருந்தால், அதை நீக்கி அந்த நேரத்தை உஹதுக்குத் தரும்படி கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.