தோள் வலி வாயுவா?

நெசவும் மானாவாரிச் சாகுபடியும் கொண்ட நம் பாளையம்பட்டியில் தோள் வலித்தால், “வாயுப் பிடிப்பு” என்று தைலம் தேய்ப்பதோடு விட்டுவிடுகிறோம். தோள் மூட்டை நான்கு தசைகளின் நார்கள் அணைத்துக் காக்கின்றன. ஓயாது கையுயர்த்தி வெள்ளையடித்தல், பரணில் பாத்திரம் ஏற்றுதல், நிறைகுடத்தை வெடுக்கென்று தூக்குதல், கையூன்றி விழுதல் ஆகியவற்றால் அவை நைந்து கிழிகின்றன. நாற்பது வயதுக்குமேல் அவை தாமாகவே தேயத் தொடங்கும். நீரிழிவும் புகைபிடித்தலும் தேய்வுக்குத் துணை. பாஸ்டன் நகர ரணவைத்தியர் காட்மன் 1934-லேயே இதனை விரிவாக எழுதியுள்ளார்.

அப்பக்கம் படுக்க முடியாமல் இரவில் வலித்தாலும், விழுந்தபின் கையை உயர்த்த இயலாவிடினும் உடனே எலும்பு வைத்தியரை நாடுக. வைத்தியர் சொல்லாமல் மாதக்கணக்கில் கையை அசைக்காதிருந்தால் மூட்டு இறுகிவிடும். அன்றாடப் பாத்திரங்கள் இடுப்பளவு உயரத்தில் இருக்கட்டும். வீட்டுப் பெண்டிர் தோள் வலியென்றால், அதை வேலைக்குச் சாக்கு என்று தள்ளுவது தகாது.