கரிசலில் காடு என்பது எது?

வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 தடங்கள். பணம் கட்டிப் பதிவு செய்தால் வழிகாட்டியோடு காட்டுக்குள் நடந்து வரலாம். நல்லதுதான். ஆனால் கோவில்பட்டி வட்டாரத்தில் ஒருவர் காட்டுக்குப் போயிருக்கிறார் என்றால், புஞ்சைக்குப் போயிருக்கிறார் என்று பொருள். கம்பும் பருத்தியும் உளுந்தும் விளையும் மானாவாரி நிலமே இங்கு காடு. அதற்கும் வண்டிப்பாதையும் ஒற்றையடிப்பாதையும் உண்டு. அவற்றில் நடக்க நமக்கு ஏன் தோன்றவில்லை? மலையும் அருவியும் இல்லாத இடத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்னும் இளக்காரம். இலக்கியம் படித்தவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாஞ்சாலங்குறிச்சிக்கு வருகிறவர்கள் 1974இல் எழுப்பிய நினைவுக் கோட்டையைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிடுகிறார்கள். அசல் கோட்டை 1801 போருக்குப் பின் தரைமட்டமாக்கப்பட்டது. அந்த மண்ணை உழுது கும்பினியார் ஆமணக்கு விதைத்தார்கள் என்பது ஊர்வழக்கு. அன்று கோட்டையை அழிக்க ஏர் போதுமாயிருந்தது. இன்றோ ஏர் நின்றுபோனதால் காடே அழிகிறது. தரிசாய் விட்ட புஞ்சைகளைச் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. கரிமூட்டம் போடுகிறவர்கள்தாம் உள்ளே போய்வருகிறார்கள். தூர்ந்த கமலைக் கிணறுகளுக்குப் போகும் தடத்தில் முள் ஏறிவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அங்கே கிணறு இருந்ததே தெரியாது. காற்றாலைக்காகப் போட்ட சரள்சாலை இருக்கிறதே என்பார்கள். அது கோபுரத்தடியில் முடிந்துவிடும். ஓர் ஊரை இன்னோர் ஊரோடு சேர்க்காது.

கி.ரா.வின் 'கிடை'யைப் பற்றிக் கட்டுரை வாசிக்கிறவர்களிடம், ஆட்டுக்கிடை இன்று எந்தத் தடத்தில் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். மண்வாசனை என்று எழுதுவதற்கு மண்ணில் கால் வைக்கத் தேவையில்லை போலும்.

இங்கிலாந்தில் 1932இல் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி நடந்தவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். 1949இல் வந்த சட்டம், பொது நடைபாதைகளை வரைபடத்தில் பதியும் கடமையை உள்ளாட்சிகள்மேல் வைத்தது. தனியார் வயலின் குறுக்கே போகும் பாதையிலும் அங்கே எவரும் நடக்கலாம். நம் வருவாய்த்துறையின் கிராம வரைபடங்களிலும் வண்டிப்பாதைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. காகிதத்தில் இருப்பதைத் தரையில் காப்பாற்றச் சட்டம் புதிதாக வேண்டியதில்லை.

வெயிலில் யார் நடப்பார் என்று கேட்கலாம். மார்கழி, தையில் வாருங்கள். வெள்ளாமை நிற்கும் காலம். (மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம். கரிசல், செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்.) பூங்கா அமைத்து, சிமெண்டுக் கல் பதித்து, நுழைவுச்சீட்டுக் கிழிக்கவும் வேண்டாம். பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து, அதற்குப் பகையாயிருந்த எட்டயபுரம் வரை, பழைய பாதைகளில் முள்ளை வெட்டி, பிரியும் இடங்களில் ஊர்ப்பெயர் எழுதிய கல் நட்டால் போதும். ஆடு மேய்க்கிறவரும் களையெடுக்கப் போகிறவரும் முதலில் நடக்கட்டும். நாம் அவர்கள் பின்னால் போகலாம்.